இடது கால் சப்பாத்து

மனிதனுக்குக் கெட்ட புத்தியால் வருகிற கேடு பாதி, நல்ல புத்தியால் வருகிற கேடு பாதி. அற்புதராஜுக்கு அன்று வந்தது இரண்டாவது ரகம். ஊருக்கு வந்த விருந்தாளியை அட்டை கடிக்கக் கூடாது என்று நினைத்தான், வேறு ஒரு பாவமும் செய்யவில்லை. பதுளைப் பக்கம் யாரிடம் சொன்னாலும் இதில் என்ன குற்றம் என்றுதான் கேட்பார்கள்.

லுணுகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். இரவெல்லாம் பெய்த மழை விடிந்த பிறகுதான் விட்டிருந்தது. பெரட்டு என்கிற காலைக் கணக்கெடுப்பில் பேர் கொடுத்துவிட்டுப் பெண்கள் கொழுந்து பறிக்க மலைக்குப் போய்விட்டார்கள். காலியாகக் கிடந்த பெரட்டுக் கொட்டகையில் வெளிநாட்டுக்காரி ஒருத்தி ரப்பர் செருப்போடு உட்கார்ந்து பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தாள். பெயர் எல்கே, ஊர் ஜெர்மனி. மலையேறுகிறவர்களுக்கும் மலையில் ஓடுகிறவர்களுக்கும் சாமான் விற்கிற கடைகள் அவளுக்கு ஐரோப்பா பூராவும் இருந்தன. வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். முடியெல்லாம் நரைத்திருந்தாலும் கெண்டைக்கால் மட்டும் இளசாக இருந்தது.

அவள் ஓடுவதற்கென்று எடுத்து வந்த சப்பாத்து ஜோடி கொட்டகைப் படியில் இருந்தது. பக்கவாட்டில் தமிழ் எழுத்தில் 'ஏத்தம்' என்று போட்டிருந்தது. அந்த எழுத்து அங்கேயே இருக்குமா, அழிந்து போகுமா என்பதுதான் அன்றைய வழக்கு.

அதற்கு முதல் நாள், 'ஏத்தம்' செய்கிற அற்புதராஜின் கம்பெனிக்கு வந்த எல்கே சுற்றி வளைக்காமல் பேசிவிட்டாள். சப்பாத்து பிடித்திருக்கிறது, இரண்டு வழி இருக்கிறது என்றாள். ஒன்று, நீங்கள் செய்து கொடுங்கள், நான் என் கடைப் பெயரைப் போட்டுக்கொள்கிறேன். அதற்கு இப்போதே கையெழுத்துப் போடலாம். மற்றது, உங்கள் பெயரிலேயே என் கடைகளில் வைப்பது. அதற்கு உங்கள் குவியலிலிருந்து ஒரு ஜோடியை நானே எடுத்து, உங்கள் மலையிலேயே ஓடிப் பார்ப்பேன். ஓரிடத்தில் சோல் பிரிந்தாலும் முதல் வழிதான். பிரிகிற சப்பாத்தை யாருக்கும் தெரியாத பெயரில் நான் விற்க முடியாது.

அவள் ஓய்வெடுக்கப் போன பிறகு அற்புதராஜ் கொதித்துப்போனான்.

"நம்ம ஆளுங்க பறிச்ச கொழுந்து நூத்தம்பது வருஷமா எவன் எவன் பேருலயோ கப்பல் ஏறிப் போச்சு தங்கச்சி. பெட்டியில ஆனப் படம் இருக்கும், கப்பல் படம் இருக்கும். பறிச்சவ பேரு இருக்காது. இப்ப சப்பாத்தும் அப்பிடித்தான் போகணுமா?"

"பேரச் சாப்பிட ஏலாது அண்ணன்," என்றாள் ஜெஸீமா. கம்பெனியில் சரி பாதி அவளுடையது. கணக்குக் கொப்பியை மூடிக்கொண்டே, "ஆனா எனக்கும் அதுதான் வேணும்," என்றாள்.

இந்த இரண்டு பேரும் சேர்ந்த கதை ஒரு சப்பாத்தில் தொடங்கியது. அற்புதராஜ் தோட்டத்துப் பையன், ஒரு காலத்தில் ஊவா மாகாணத்துக்காக ஓடியவன். யாரோ கொடுத்த வெளிநாட்டுச் சப்பாத்து ஒவ்வொரு மழைக்கும் வழுக்கிவிட, அதைத் தூக்கிக்கொண்டு பதுளை பஸாரில் ஒரு செருப்புக் கடைக்குப் போனான். கடை ஜெஸீமாவின் வாப்பாவுடையது. மேசையில் உட்கார்ந்திருந்த மகள் சப்பாத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது சமதரையில ஓடுறவனுக்குச் செஞ்சது. ஒங்கட மலைக்கு இது பல்லில்லாத கிழவன்," என்றாள். லொறி டயரை வெட்டிப் பல் வைத்து ஒட்டிக் கொடுத்தாள். கல்லைக் கட்டிக்கொண்டு ஓடுகிற மாதிரி இருந்தது. ஆனால் வழுக்கவில்லை.

அந்தக் கல்லை இரண்டு பேருமாகச் செதுக்கிச் செதுக்கிச் சப்பாத்தாக்க வருஷக்கணக்கானது. ஹாலிஎலப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் விளையாட்டுப் போட்டிக்கு வாங்கினார்கள். பிறகு வெளிநாட்டுச் சாமான் இறக்கத் தடை வந்தது, பெட்ரோலுக்கு வரிசை நின்றது, நாடே நடக்க ஆரம்பித்தது. ஊருக்கு வந்த அந்தக் கஷ்டம் ஏத்தத்துக்கு மட்டும் நல்ல காலமாகிவிட்டது. அப்புறம் மலை ஏற வந்த சுற்றுலாக்காரர்கள் போட்டுப் பார்த்துவிட்டுத் தங்கள் ஊரில் போய்ச் சொன்னார்கள். இப்போது ஹாலிஎல ரோட்டில் மூடிக்கிடந்த பழைய தேயிலை ஸ்டோர் முழுக்க மெஷின், சுற்றுவட்டாரத் தோட்டத்து லயக் குடியிருப்புகளிலிருந்து வேலைக்கு வருகிற பெண்கள். இனி ஒரே ஒரு படிதான் பாக்கி. அந்தப் படியில்தான் எல்கே உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தாள்.

தோட்டத்தில் வளர்ந்தவனுக்கு மழைக்காலத்தில் மலைக்குள் இறங்குவதென்றால் ஒரு முறை உண்டு. மண்ணெண்ணெயில் சவுக்காரத்தைச் சீவிப் போட்டு, ஒரு பிடி உப்பும் போட்டுக் குலுக்கி வைத்துக்கொள்வது. காலில் பூசுவார்கள், செருப்பில் பூசுவார்கள், அட்டை கிட்டே வராது. அற்புதராஜ் ஓடுகிற காலத்திலிருந்து அந்தச் சின்னப் போத்தல் அவன் பையை விட்டு இறங்கியதில்லை. முதலாளி ஆன பிறகும் விடவில்லை. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்று சும்மாவா சொன்னார்கள்.

மலையைப் பார்த்தான். ஈரப் புல் பளபளத்தது. இன்றைக்கு அட்டை ஊர்வலமே போகும் என்று நினைத்தான். ஜெர்மன்காரி பயந்து நடுவில் நின்றுவிட்டால் என்ன ஆவது? கை தானாகப் பைக்குள் போனது. படியிலிருந்த இடது கால் சப்பாத்தை எடுத்தான். அட்டை ஏறுவது சோலும் மேல்துணியும் சேர்கிற விளிம்பில்தான். ஒரு துணித்துண்டை அந்தப் போத்தலில் நன்றாக நனைத்து விளிம்பைச் சுற்றித் தேய்த்தான். காய்ந்த இடத்தில் மறுபடி தேய்த்தான். பிள்ளைக்குத் தலையில் எண்ணெய் வைக்கிறவள்கூட அவ்வளவு அக்கறையாக வைக்க மாட்டாள்.

"அற்புதம் அண்ணன், கொஞ்சம் இங்க வாங்க," என்று உள்ளேயிருந்து எட்டிப் பார்த்துக் கூப்பிட்டாள் ஜெஸீமா. "இவ பாதையக் கேக்குறா. எனக்கு மலப் பாதை சொல்ல ஏலுமா?"

போத்தலை மூடிப் பைக்குள் போட்டுக்கொண்டு உள்ளே போனான். மேட்டுக்கு ஏறி, தேயிலைக்குள்ளே இறங்கி, ஓடையோரக் கல்லுப்படி வழியாகச் சுற்றி, வண்டிப் பாதையில் ஏறி இங்கேயே வர வேண்டும் என்று கையால் வரைந்து காட்டினான். கூட ஓடப்போகிற ஷிரோமியும் தலையாட்டினாள். அவள் அந்தத் தோட்டத்திலேயே கொழுந்து பறிக்கிறவள், மலையோட்டத்தில் மாகாணத்துக்கே முதலாவதாக வருகிற பெண். கல்லுப்படியில் பாசி பிடித்திருக்கும், பார்த்து இறங்க வேண்டும் என்று எல்கேயிடம் சைகையில் சொன்னாள். பேச்சு முடிந்தது. எல்கே சப்பாத்தைப் போட்டு நாடாவை இறுக்கினாள். கொட்டகையில் தேத்தண்ணி போட்ட அடுப்பும் மண்ணெண்ணெய் அடுப்புதான், அதனால் வாடையை யாரும் தனியாகக் கண்டுகொள்ளவில்லை. இரண்டு பேரும் மேட்டைப் பார்த்து ஓடி மறைந்தார்கள்.

கொட்டகையில் மிஞ்சியது அற்புதராஜ், ஜெஸீமா, அப்புறம் பாக்கியலெட்சுமி. இவள் கம்பெனியில் பசைப் பிரிவு. அங்கே ஒரு வழக்கம் உண்டு. சோல் ஒட்டுகிறவள் சப்பாத்தின் நாக்குக்கு அடியில் தன் பெயரின் முதல் எழுத்தைப் பேனாவால் போட வேண்டும். பிழை வந்தால் யாருடையது என்று தெரிவதற்காக ஜெஸீமா வைத்த சட்டம். எல்கே எடுத்த ஜோடியில் 'பா' என்று இருந்தது. இது யார் என்று கேட்டு, அவளையும் கூட்டி வாருங்கள் என்று சொல்லிவிட்டாள். பாக்கியலெட்சுமி இருப்பதிலேயே நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு, ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிறவள் மாதிரி வந்து நின்றாள்.

"அண்ணே, அடுப்புல கொஞ்சம் மண்ணெண்ண எடுத்துக்கிறவா?" என்றாள். "பதட்டத்துல நகத்தச் சொரண்டாம வந்துட்டேன். அந்தம்மா கை குடுத்தா பூராப் பசை."

"அடுப்ப ஏன் கவுக்குற? இந்தா," என்று அற்புதராஜ் பையிலிருந்து தன் போத்தலை எடுத்து நீட்டினான்.

அவள் முந்தானை நுனியை நனைத்து நகத்தில் வைத்தாள். கொஞ்சம் தேய்த்தாள். காய்ந்து கெட்டித்திருந்த பசை கஞ்சி ஏடு மாதிரி சுருண்டு வந்தது. அற்புதராஜ் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான். 

"என்னா பாக்கியம், எல்லாப் பசையும் இப்பிடித்தான் வருமா?"

"நம்ம பசை வரும்ணே. நாங்க கை தொடைக்கிறதே இதுலதான. தண்ணிக்கு அசையாது, மழைக்கு அசையாது. மண்ணெண்ண பட்டா எளகிரும்."

"ஒட்டி நாளானது?"

"நாளானா கொஞ்சம் நேரம் புடிக்கும். சூடு ஏறினா அதுவும் இல்ல." அவள் நிமிர்ந்து பார்த்தாள். "ஏண்ணே, ஒரு மாதிரியா இருக்கீங்க?"

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்கிறவனைக் கேள்விப்பட்டிருப்போம். சொந்தக் கையால், சொந்தச் சப்பாத்துக்கு, நன்றாகத் தேய்த்து வைத்தவனை இப்போதுதான் பார்க்கிறோம். ஷிரோமியின் போன் மேசையில் கிடந்தது, கூப்பிடவும் வழியில்லை. மேட்டில் ஏறி முடித்திருப்பார்கள். இறக்கத்தில் சோலுக்குச் சூடு ஏறும். அதற்கப்புறம் கல்லுப்படி. கல்லுப்படிக்குப் பக்கத்தில் பள்ளம், பள்ளத்தில் மழைத் தண்ணீரோடு ஓடை.

அவன் எழுந்து ஓடினான்.

"எங்க போறீங்க?" என்று ஜெஸீமா பின்னாலிருந்து கத்தினாள். திரும்பிப் பார்க்கவில்லை. என்ன சொல்வது? வண்டிப் பாதையை விட்டுத் தேயிலைக்குள் விழுந்து குறுக்கே இறங்கினான். தேயிலை வாது குத்திக் கையைக் கிழித்தது. நாற்பத்தைந்து வயதில், வருஷக்கணக்காக மேசைக்குப் பின்னால் உட்கார்ந்த உடம்பு, முழங்கால் எப்போதோ போனது. ஒரு காலத்தில் இந்த மலையில் எவனும் அவனைப் பிடித்ததில்லை. இப்போது தன்னுடைய மூச்சையே அவனால் பிடிக்க முடியவில்லை. மாதாவே, அந்தப் பொம்பளைக்கு ஒன்றும் ஆகக் கூடாது என்று வேண்டினான். அதே மூச்சில், சோல் தாங்கிவிட வேண்டும் என்றும் வேண்டினான். எதை முதலில் வேண்டினான் என்று பிற்பாடு நினைத்துப் பார்க்க அவனுக்குப் பிடிக்கவில்லை.

கல்லுப்படியின் தலைப்பில் அவர்கள் தெரிந்தார்கள். முன்னால் ஷிரோமி, பின்னால் எல்கே. நன்றாகத்தான் இறங்கினாள், மலை தெரிந்த கால். ஆனால் இடது காலை எடுத்து வைக்கும்போதெல்லாம் முன்பக்கச் சோல் தனியாக வாயைத் திறந்து மூடியது.

"ஷிரோமி, நிறுத்து," என்று கத்தினான். ஓடை இரைச்சலில் அவன் குரல் அவனுக்கே கேட்கவில்லை.

திறந்த சோல் ஒரு கல்லின் விளிம்பில் மாட்டியது. எல்கே முன்னால் விழுந்து, பாசியில் சறுக்கி, பள்ளத்துப் பக்கம் போனாள். ஷிரோமி திரும்பினாள். ஒரு கையால் தேயிலைத் தூரைப் பிடித்துக்கொண்டு மறு கையால் எல்கேயின் மணிக்கட்டைப் பிடித்தாள். அற்புதராஜ் உருண்டு புரண்டு வந்து சேர்ந்து அவள் தோளைப் பற்றி மேலே இழுக்கும்போது அவள் கால்களுக்குக் கீழே வெறும் தண்ணீர்தான் இருந்தது.

எல்கேயைக் கல்லில் உட்கார வைத்தார்கள். முழங்கை கிழிந்து ரத்தம் வந்தது. எல்கே முழங்கையைப் பார்க்கவில்லை, சப்பாத்தைப் பார்த்தாள். இடது சோல் விரலிலிருந்து நடுப்பாதம் வரை பிரிந்து தொங்கியது.

"பிரிந்துவிட்டது," என்றாள். அவ்வளவுதான்.

அற்புதராஜ் வாயைத் திறந்தான். நான்தான் பூசினேன் என்று சொல்ல வேண்டிய இடம் அதுதான், அவனுக்கும் அது தெரியும். சொல்லவில்லை. சோதனைக்கு எடுத்த சப்பாத்தில் முதலாளியே கை வைத்தான் என்றால் எந்த வியாபாரி மறுபடி நம்புவாள்? பெயர் மட்டுமா, வியாபாரமே போய்விடும். 

எல்கே எழுந்தாள். முடித்தே தீருவேன் என்றாள். ஷிரோமி தன் தலையிலிருந்து சிவப்பு ரிப்பனை உருவி, சோலையும் சப்பாத்தையும் சேர்த்துச் சுற்றிக் கட்டினாள். மூன்று பேரும் மேலே ஏறினார்கள்.

ரிப்பனைப் பார்த்ததும் ஜெஸீமாவின் முகம் செத்துவிட்டது. எல்கே கொட்டகைப் பெஞ்சில் உட்கார்ந்து, இடது சப்பாத்தை மட்டும் கழற்றி மடியில் வைத்து, நாக்கைப் புரட்டினாள். 'பா'. நிமிர்ந்து பாக்கியலெட்சுமியைப் பார்த்தாள்.

"இதை ஒட்டியது நீயா?" என்று எல்கே கேட்டதை ஜெஸீமா தமிழில் சொன்னாள்.

"ஆமாங்க, நான்தான் ஒட்டினேன்." குரல் உடைந்தது. "நல்லாத்தாங்க ஒட்டினேன். ரெண்டு தரம் பசை வச்சு, காய விட்டு, அமுக்கித்தான் எடுத்தேன். எப்பிடி இப்பிடி ஆச்சுன்னு தெரியலங்க."

 எல்கே ஜெஸீமாவின் பக்கம் திரும்பிச் சொன்னாள். உங்கள் முறையே இப்படித்தான் என்றால் பேச எதுவும் இல்லை, என் பெயரில் செய்யுங்கள், பசையும் நான் அனுப்புகிறேன். ஆனால் இது ஒரு ஆள் கவனமில்லாமல் செய்த பிழை என்றால் அது வேறு. அந்த ஆளை ஒட்டுகிற வேலையிலிருந்து எடுத்துவிடுங்கள். நான் இன்னொரு ஜோடியை எடுத்து நாளைக்கு ஓடுகிறேன். எது என்று நீங்கள் சொல்லுங்கள்.

ஜெஸீமா அற்புதராஜின் பக்கத்தில் வந்து, வாய் அசையாத மாதிரி பேசினாள். "அண்ணன், ஒரு ஆள்ட பிழைண்டு சொல்லிருவோம். பாக்கியத்த நான் ரோட்டுல விட மாட்டன், அல்லாஹ் அறிய. பெட்டி கட்டுற பக்கம் போட்டு அதே சம்பளம் குடுப்பன். அவட பேரு போனா எங்கட பேரு நிக்கும். நீங்க தலைய மட்டும் ஆட்டுங்க."

சின்னக் கொட்டகை. பாக்கியலெட்சுமிக்குக் காது நன்றாகவே கேட்கும். அவள் ஜெஸீமாவைப் பார்க்கவில்லை. அற்புதராஜைத்தான் பார்த்தாள். அழுகைகூட நின்றிருந்தது.

தலையை ஆட்டினால் போதும். யாருக்கும் பெரிய நட்டமில்லை, சம்பளம் குறையாது. நாளைக்கு இன்னொரு ஜோடி ஓடும், மண்ணெண்ணெய் படாத ஜோடி, கட்டாயம் நிற்கும். ஜெர்மனியில், இத்தாலியில், எங்கெங்கோ கடைச் சுவரில் தமிழ் எழுத்து நிற்கும். அதற்கு விலை ஒரு எழுத்து, ஒரு 'பா'. அற்புதராஜ் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தான். போட்டுப் பார்க்கவில்லை என்று அவன் ஒருநாளும் சொன்னதில்லை. அப்போதுதான் ஆனைப் படம் போட்ட தேயிலைப் பெட்டி ஞாபகம் வந்தது, அவனுக்குத் தன் மேலேயே அருவருப்பு வந்தது.

"பிழை என்னுடையது," என்று எல்கேயிடம் தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னான். "காலையில் நீங்கள் தேத்தண்ணி குடிக்கும்போது, அட்டை கடிக்காமல் இருக்க, சப்பாத்தில் மண்ணெண்ணெய் பூசினேன். அதில் எங்கள் பசை இளகும். இவள் நன்றாகத்தான் ஒட்டினாள்."

"மண்ணெண்ணெயா?" என்றாள் ஜெஸீமா. "எங்கட சப்பாத்துலயா? ஒங்களுக்கு மூளை கீள இருக்கா அண்ணன்?"

 எல்கே சப்பாத்தை முகர்ந்து பார்த்தாள். சேற்றிலும் ஓடைத் தண்ணீரிலும் போய் வந்த சப்பாத்து, கொட்டகையிலேயே அடுப்பின் மண்ணெண்ணெய் வாடை, பிரித்துச் சொல்ல முடியவில்லை. எந்தப் போத்தல் என்று கேட்டாள். போத்தல் பாக்கியலெட்சுமியின் கையில் இருந்தது, தப்பிக்க அவளே கொண்டுவந்த சாக்கு மாதிரி. வேறு வினையே வேண்டாம்.

"உங்கள் தொழிலாளியைக் காப்பாற்ற நினைக்கிறீர்கள், நல்ல குணம்தான்," என்றாள் எல்கே. "இரண்டு சப்பாத்திலும் பூசினீர்களா?"

"இரண்டிலும்," என்றான் அற்புதராஜ். அவன் மனசறிய அதுதான் உண்மை.

எல்கே காலில் இருந்த வலது சப்பாத்தின் சோலை விரலை விட்டுப் பிரித்துப் பார்த்தாள். வளைத்துப் பார்த்தாள். பலத்தையெல்லாம் கூட்டி இழுத்தாள். ஒரு நூல் அளவுகூட விடவில்லை.

"அப்படியானால் இது ஏன் பிரியவில்லை?"

 நிஜத்தைச் சொல்லிப் பொய்யனாக நிற்பதைப் போல ஒரு கேவலம் உலகத்தில் இல்லை. ஜெஸீமா கண்ணை மூடிக்கொண்டாள். எல்லாம் முடிந்தது என்று பாக்கியலெட்சுமி போத்தலைக் கீழே வைத்தாள்.

எல்கே அலுத்துப்போய் வலது சப்பாத்தையும் கழற்றினாள். வெள்ளைக் காலுறை கணுக்காலில் சிவப்பாக ஊறியிருந்தது. உருட்டி எடுத்தாள். விரலிடுக்கில், கணுவில், குதிகாலுக்கு மேலே, ரத்தம் குடித்துத் திராட்சை மாதிரி உப்பிய அட்டைகள். கீழே ஒன்று உதிர்ந்து விழுந்தது. ஷிரோமி பதறிப்போய் உப்புக்கு ஓடினாள். எல்கே அவளைக் கையால் நிறுத்திவிட்டு, இடது காலுறையையும் உருவினாள். அந்தக் கால் சுத்தமாக இருந்தது. ஒரு கடி இல்லை.

இரண்டு காலையும் பக்கத்தில் பக்கத்தில் நீட்டி வைத்துக்கொண்டு அவள் பார்த்தாள். எல்லாரும் பார்த்தார்கள்.

"நான் கூப்பிட்டன்," என்றாள் ஜெஸீமா மெதுவாக. "பாதை சொல்ல வாங்கண்டு. அப்ப ஒங்கட கையில ஒரு சப்பாத்துதான் இருந்திச்சு."

அற்புதராஜ் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டான். ஆமாம், ஒன்றுதான். மற்றதை எடுக்கப் போனபோதுதான் அவள் குரல் வந்தது.

ஜெஸீமா எல்கேயிடம் எடுத்துச் சொன்னாள். எல்கே ஷிரோமி வைத்த உப்பில் அட்டைகள் ஒவ்வொன்றாகச் சுருண்டு விழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசி அட்டையும் விழுந்த பிறகுதான் பேசினாள். சப்பாத்தைச் சோதிக்க நாங்கள் லட்சக்கணக்கில் செலவழித்து மெஷின் வைத்திருக்கிறோம். ஒரே மலை, ஒரே மழை, ஒரே கைகள் ஒட்டிய ஜோடி, ஒன்றில் மண்ணெண்ணெய், ஒன்றில் இல்லை, இப்படி ஒரு சோதனையை எந்த மெஷினும் எனக்குச் செய்து காட்டியதில்லை. வலது கால் சப்பாத்துக்கு நான் கையெழுத்துப் போடுகிறேன். பெயர் உங்களுடையது. ஒட்டுகிற வேலை இவளுடையது. ஒரே ஒரு நிபந்தனை, இந்த மனிதரின் கைக்கு எட்டுகிற இடத்தில் என் சப்பாத்தை வைக்காதீர்கள்.

"அத எங்கிட்ட விடுங்க," என்றாள் ஜெஸீமா. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போனது.

இன்றைக்கு எத்தனையோ நாட்டுக் கடைச் சுவரில் அந்தத் தமிழ் எழுத்து இருக்கிறது. பனி மலையில் ஓடுகிறவனும் போட்டிருக்கிறான், பாலைவனத்தில் ஓடுகிறவளும் போட்டிருக்கிறாள். பெட்டியைத் திறந்தால் முதலில் ஒரு சின்னத் தாள் வரும். சப்பாத்தில் மண்ணெண்ணெய் பூச வேண்டாம் என்று தமிழில் தொடங்கி, பல பாஷைகளில் எழுதியிருக்கும். இந்த உலகத்தில் எவன் சப்பாத்துக்கு மண்ணெண்ணெய் பூசுகிறான் என்று வெளிநாட்டுக்காரர்கள் சிரிக்கிறார்கள், படம் பிடித்துப் போடுகிறார்கள், அதுவே பெரிய விளம்பரமாகிவிட்டது. தாள் போட்டது ஜெஸீமா. அற்புதராஜ் எவ்வளவு கெஞ்சியும் எடுக்க மாட்டேன் என்றுவிட்டாள்.

ஆனால் முதல் சரக்கு ஏறின நாளைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கதை நொண்டிக் கதை.

ஸ்டோர் வாசலில் கொண்டெய்னர் நின்றது. பசைப் பிரிவு மேசையில் கடைசிப் பெட்டி மூடாமல் இருந்தது. பாக்கியலெட்சுமி சப்பாத்தின் நாக்கைப் புரட்டிக்கொண்டு, கையில் பேனாவோடு நின்றாள். அற்புதராஜ் அந்தப் பக்கம் வந்தான். லுணுகலையிலிருந்து திரும்பிய பிறகு இரண்டு பேரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

"அண்ணே," என்றாள் அவள், சப்பாத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல். "அன்னிக்கு ஜெஸீமா மேடம் தலைய ஆட்டச் சொன்னப்ப, கொஞ்ச நேரம் யோசிச்சீங்கல்ல?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். எல்கேயே நம்பிவிட்டாள், இவள் நம்ப மாட்டாளா?

"யோசிச்சேன் பாக்கியம்," என்றான்.

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். பிறகு குனிந்து எழுதினாள். 'பா' போட்டாள். நிறுத்தவில்லை. சட்டப்படி ஒரு எழுத்துதான். அவள் இடமிருந்து வலமாக, இடம் போதாமல் வளைத்து, பாக்கியலெட்சுமி என்று முழுப்பெயரையும் எழுதி முடித்தாள். பேனாவை மூடிவிட்டு, இப்போது என்ன செய்கிறாய் பார்ப்போம் என்கிற மாதிரி அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

அற்புதராஜ் சப்பாத்தை வாங்கிப் பெட்டிக்குள் வைத்து, மூடி, தானே தூக்கிக்கொண்டு போய்க் கொண்டெய்னரில் ஏற்றினான்.